தண்டிக்கும் கைக்கு யார் பொறுப்பு? நீதி பற்றி மதுரை வட்டாரம் கண்ட விடைகள்

குற்றம் செய்தவரைத் தண்டிக்க வேண்டும் என்பதில் சமயங்களுக்கும் சட்டங்களுக்கும் பெரிய சண்டை இருந்ததில்லை. யார் தண்டிப்பது, எதை நம்பித் தண்டிப்பது, தண்டித்து எதைச் சாதிப்பது என்று கேட்டால்தான் விடைகள் பிரிகின்றன. பொதுவாக இந்த விடைகளைச் சமயம் சார்ந்தவை, சமயம் சாராதவை என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, முதலாவதைப் பழமை என்றும் இரண்டாவதை வளர்ச்சி என்றும் வைத்துவிடுகிறோம். சோழவந்தானை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள வைகைச் சமவெளியைப் பார்த்தால் அந்தப் பிரிவினை அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. தெய்வத்தின் முன் செய்த சத்தியம், அரசனின் செங்கோல், ஆங்கிலேயரின் கைரேகைப் பதிவேடு, உயர் நீதிமன்றக் கிளையின் தீர்ப்பு என எல்லாம் இங்கே சில பத்து கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏடு எதிரேறிய கரை

சோழவந்தானை ஒட்டிய திருவேடகம் சைவர்களுக்குப் பாடல் பெற்ற தலம். சட்ட வரலாற்றைப் படிப்பவருக்கு அது ஒரு விசாரணை நடந்த இடமாகவும் தெரியும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, சமணருக்கும் திருஞானசம்பந்தருக்கும் நடந்த வழக்கு மதுரையில் அனல் வாதமாகத் தொடங்கிப் புனல் வாதத்தில் முடிந்தது. வைகையில் இட்ட சமணர் ஏடு ஆற்றோடு போயிற்று. சம்பந்தர் ஏடு எதிரேறி வந்து நின்ற கரை ஏடகம். எந்தத் தரப்பின் வாதம் சரி என்பதை மனிதர் முடிவு செய்யவில்லை, நெருப்பும் நீரும் முடிவு செய்தன. உலகின் பல பகுதிகளில் இருந்த தெய்வீகச் சோதனை முறை இதுதான். ஐரோப்பாவிலும் 1215இல் திருச்சபை தன் குருமாரை விலகி நிற்கச் சொல்லும் வரை இது நடந்தது.

இந்தக் கதையில் தண்டனை பற்றிய இரண்டு எண்ணங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ பாண்டியனைச் சேரட்டும் என்று அவர் பாட, அரசனுக்கு வெப்பு நோய் வருகிறது. குடிகளைக் காக்கத் தவறியவனே முதல் பொறுப்பாளி என்பது இதன் உட்கிடை. ஆனால் கதையின் முடிவில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறுகிறார்கள். தீ வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. சம்பந்தர் அதைத் தடுக்காமல் இருந்ததற்கு, அடியார் மடத்துக்குத் தீங்கு செய்த குற்றத்தைச் சேக்கிழார் காரணமாகக் காட்டுகிறார். இந்தக் கழுவேற்றம் நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகிறார்கள். நடந்திராவிட்டாலும், ஒரு கூட்டத்தையே தண்டிப்பதை நியாயமாகச் சொல்லும் கதை நூற்றாண்டுகள் நிலைத்தது என்பது மறுக்க முடியாத உண்மை. அதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கருப்பன் முன் சத்தியம்

நெருப்பும் நீரும் ஒழிந்த பிறகும் சத்தியம் ஒழியவில்லை. அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமிக்கு அங்கே உருவச் சிலை கிடையாது; சந்தனம் அப்பிய பெருங்கதவும் படிகளுமே சாமி. கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு, பங்காளிப் பகை, திருட்டுச் சந்தேகம் என்று எதுவானாலும் ‘படிக்கு வந்து சூடத்தை அணைச்சுச் சொல்லு’ என்பது இவ்வட்டாரத்தில் கடைசி வார்த்தை. பொய்ச்சத்தியம் செய்தவரைக் கருப்பன் பார்த்துக்கொள்வான். இதில் மனிதர் யாரும் தண்டிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவர் எடுத்துச் செல்லும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் கணக்கு ஒப்பிக்கப்படும். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன் அழகர் இறங்கியது சோழவந்தானுக்கு அருகிலுள்ள தேனூர் வைகையில் என்று சொல்லப்படுகிறது. எந்தத் துறையில் இறங்கினாலும், ஊரையே ஆளும் பெருமாளும் காவல்காரனிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கணக்குச் சொல்வதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சடங்கு அரிது.

இந்தச் சத்தியத்துக்கு ஆங்கிலேயர் சட்டமும் இடம் கொடுத்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் அதற்கென்றே சில பிரிவுகள் இருந்தன. ஒரு தரப்பார், எதிர்த்தரப்பு இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு அவ்வாறே சத்தியம் செய்துவிட்டால் அந்த விஷயத்தில் அதுவே முடிந்த முடிவு. சத்தியம் செய்ய மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மறுத்தார் என்பதும் அதற்கு அவர் சொன்ன காரணமும் பதிவாகும். 1969இல் வந்த புதிய சட்டம் இந்தப் பிரிவுகளை விட்டுவிட்டது. ஆக, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உரிமையியல் நீதிமன்றமும் தெய்வத்தின் சந்நிதியும் ஒரே வழக்கில் சேர்ந்து இயங்க வழி இருந்தது.

இம்முறைக்குச் செலவில்லை, இடைத்தரகர் இல்லை, வாய்தா இல்லை. அதன் குறையும் அதே அளவு தெளிவானது. தெய்வத்துக்கு அஞ்சுகிறவர்தான் இதில் கட்டுப்படுகிறார். அஞ்சாத பொய்யர் தயங்காமல் சூடத்தை அணைத்துவிடுவார். உண்மை பேசுபவரோ சத்தியமே பாவம் என்று அஞ்சி உரிமையை விட்டுவிடலாம். கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலிலும் மடப்புரம் காளி கோயிலிலும் காசு வெட்டிப் போடும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். கேட்பாரற்றவருக்கு அது ஒரு முறையீட்டு இடம். ஆனால் யார் பெயரைச் சொல்லிக் காசு வெட்டப்பட்டதோ அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல அங்கே இடமில்லை.

சிலம்பின் மூன்று தண்டனைகள்

மதுரையின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் வழக்கு சிலப்பதிகாரக் கோவலனுடையது. பாண்டியன் விசாரிக்கவில்லை, சிலம்பு கள்வனிடம் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டான். தவறு வெளிப்பட்டதும் அரியணையிலேயே உயிர் விட்டான். ஆள்வோரின் பிழைக்கு அறமே கூற்றாகும் என்ற காப்பியக் கருத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நம் மேடைகளும் பாடநூல்களும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. காப்பியம் நிற்கவில்லை.

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் மனைவி கண்ணகியிடம் வேறொரு விளக்கம் தருகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனப் பொய்யாகக் காட்டிக் கொலை செய்வித்தான். அந்த வினையே இப்போது வந்தது. சமண, பௌத்த மரபுகளுக்கு நெருக்கமான இந்த வினைக் கொள்கை துன்பத்துக்கு ஒரு காரணம் சொல்லி ஆறுதல் தருகிறது. ஆனால் அதை முழுதாக ஏற்றால் அரசனின் குற்றம் சிறுத்துப்போகிறது. கோவலன் பெற்றது தனக்குரிய தண்டனைதான் என்றால் பாண்டியன் ஏன் சாக வேண்டும்? இளங்கோ இரண்டு விளக்கங்களையும் அருகருகே வைத்துவிட்டு இழுபறியைத் தீர்க்காமல் விட்டது தற்செயலாகத் தோன்றவில்லை.

அதே தெய்வம் சொல்லும் வார்த்திகன் கதை இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது. மகனுக்குக் கிடைத்த பரிசு நகைகளைக் கண்ட காவலர்கள் தந்தை வார்த்திகனைத் திருடன் எனச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கதறுகிறாள்; கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. செய்தி அறிந்த பாண்டியன் வார்த்திகனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டி, திருத்தங்கலையும் வயலூரையும் கொடுக்கிறான். சிறைகளையும் திறந்துவிடச் சொல்கிறான். தவறாகச் சிறைப்பட்டவருக்கு அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தர வேண்டும் என்ற எண்ணம் தமிழில் இவ்வளவு பழையது. சுதந்திர இந்தியாவில், விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்ட ருதுல் சாவின் வழக்கில்தான் 1983இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்தது.

மூன்றாவது தண்டனையைப் பற்றிப் பேசவே நாம் தயங்குகிறோம். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், பாண்டிய நாட்டில் மழை பொய்த்து வறுமையும் நோயும் வந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குப் பலியிட, மழை பெய்து நாடு செழித்தது என்று வருகிறது. கோவலன் மேல் பொய்ப்பழி சுமத்திக் குற்றம் செய்தவர் ஒரு பொற்கொல்லர்; கொல்லப்பட்டவர் ஆயிரம் பேர். அநீதியை எதிர்த்து எழுந்த காப்பியத்தின் வாசலிலேயே, தொழிலால் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக நடந்த கொலை நன்மை தந்ததாகச் சொல்லப்படுகிறது. அழகர்கோயிலில் கணக்குச் சொல்லும் வழக்கத்தைப் போற்றும் நாம் இதையும் நம் மரபின் பகுதியாக ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என மூன்று அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. கொடியவரைக் கொலையால் ஒறுப்பதைக் களை எடுப்பதோடு ஒப்பிடும் குறள் இருப்பதால் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள் வள்ளுவரை அழைக்கிறார்கள். கொல்லாமை அதிகாரத்தை வைத்து எதிர்ப்பவர்களும் அழைக்கிறார்கள். இரு தரப்பும் விட்டுவிடுவது மூன்றாம் அதிகாரத்தை. தக்கபடி ஆராய்ந்து, குற்றத்துக்கு ஒத்த அளவில், அது மீண்டும் நிகழாதபடி ஒறுக்க வேண்டும் என்பதே அங்கே பேச்சு. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையும், அதே கதையை எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்லும் மகாவம்சமும், அரசன் தன் மகனுக்கும் விலக்கு அளிக்கக் கூடாது என்கின்றன. மணிமேகலை அதற்கு நேர் எதிர்த் திசையில் போய்ச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறது.

சாத்திரமும் ஷரியத்தும்

மனுஸ்மிருதியை ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் அதற்குள்ளும் முரண் உண்டு. திருட்டில், அறிந்து செய்த பார்ப்பனருக்குச் சூத்திரரைவிடப் பல மடங்கு குற்றம் என்று ஓரிடத்தில் சொல்கிறது. வசை, தாக்குதல், உறவு மீறல் போன்றவற்றில் அதுவே தலைகீழாகி, கீழ்ச்சாதியாருக்கு உறுப்புச் சிதைவும் பார்ப்பனருக்கு உயிர்த்தண்டனையிலிருந்து விலக்கும் கிடைக்கின்றன. தண்டனை பெற்றவர் தூய்மையடைந்து சொர்க்கம் போவார் என்ற கருத்தில் சீர்திருத்தத்தின் சாயல் இருக்கிறது. தண்டனையின் அளவைப் பிறப்பு தீர்மானித்தது என்பதை அந்தச் சாயல் ஈடுகட்டாது.

இஸ்லாமியச் சட்டம் வேறொரு விடையைத் தருகிறது. கொலையில் முதல் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு. அவர்கள் பழிக்குப் பழி கேட்கலாம், ஈட்டுத்தொகை பெறலாம், மன்னித்தும் விடலாம். இழந்தவரைக் கேட்டுத்தான் முடிவு என்பது இதன் வலிமை. பணமும் செல்வாக்கும் உள்ளவர் வாரிசுகளை வளைத்துவிட முடியும் என்பது இதன் பலவீனம். வங்காளத்தில் காரன்வாலிஸ் ஆட்சி 1790களில் வாரிசுகளின் இந்த மன்னிப்பு உரிமையை நீக்கியது. கொலை அரசுக்கு எதிரான குற்றமாயிற்று. பேரம் போனது நல்லதே. இறந்தவரின் வீட்டாரும் வழக்கிலிருந்து வெறும் சாட்சிகளாக ஒதுக்கப்பட்டார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த விடைகள்

சமயத்தை விட்டு விலகினால் இரக்கம் பெருகும் என்ற நம்பிக்கையை ஐரோப்பிய வாதங்கள் உறுதிசெய்வதில்லை. இத்தாலியின் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில் மரண தண்டனையையும் சித்திரவதையையும் எதிர்த்தார். காண்ட் பகுத்தறிவை மட்டுமே வைத்து எதிர்முடிவுக்கு வந்தார்: ஒரு தீவின் மக்கள் அனைவரும் கலைந்து போவதாக இருந்தாலும், போகுமுன் சிறையிலுள்ள கடைசிக் கொலைகாரரையும் கொன்றுவிட வேண்டும். பெந்தாம் வழியினர் தண்டனையைச் சமூகப் பயனால் அளந்தார்கள். மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் அந்த மரபில் வந்தது. சட்டப் புத்தகத்தில் சாதிக்கொரு தண்டனை என்பது இல்லாமல் போனது உண்மையான மாற்றம், பெரிய மாற்றம். அந்தத் தொகுப்பு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளிலேயே வேறொரு சட்டம் அந்தச் சாதித் தண்டனையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிட்டது.

கைரேகைச் சட்டம்

1871இல் வட இந்தியாவுக்காக வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. சோழவந்தானுக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள் மேல் 1914 முதல் படிப்படியாக அது பாய்ந்தது. ஊர் ஊராக ஆண்களின் கைரேகை எடுக்கப்பட்டது. பதிவானவர்கள் இரவில் காவல் கண்காணிப்பில் தங்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். எந்தத் திருட்டிலும் பிடிபடாதவர், எந்த நீதிமன்றத்திலும் நிற்காதவர் என்பது கணக்கில்லை. பிறந்த குடியே குற்றப்பத்திரிகை. உழுது பிழைத்த சம்சாரியும் இரவானால் நிரூபிக்கப்படாத குற்றவாளி.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்துத் திரண்டபோது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அவரை ரோசாப்பூ துரை என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோரின் போராட்டங்களுக்குப் பின் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. அரசு இதனுடன் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பள்ளிகளும் தொடங்கியது. அவற்றில் படித்து முன்னேறியவர்கள் பலர். அந்தப் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஒரு சமூகத்தையே சிறையாக்கி, அதே கையால் கல்வி தந்ததை நீதி என்று மட்டும் சொல்லக் கூடாது.

இந்தச் சட்டத்தில் சமயத்தின் சுவடே இல்லை. புள்ளிவிவரமும் கைரேகையும் மானுடவியல் என்று சொல்லிக்கொண்ட ஆய்வுகளும் அதன் கருவிகள். இருந்தும் அது வெற்றிவேற் செழியனின் பலிக்கும் மனுவின் படிநிலைக்கும் பக்கத்தில்தான் போய் நிற்கிறது. சமயமா, சமயச் சார்பின்மையா என்ற கோட்டைவிட, செயலைத் தண்டிப்பதா பிறப்பைத் தண்டிப்பதா என்ற கோடு ஆழமானது என்று நான் நினைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப்படி வேலையும் இடமும் ஒதுக்கும் விதிகளை ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும், குற்றப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரை வழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் சிறை விதிகளும் அத்தீர்ப்பில் பேசப்பட்டன.

தூக்கும் முன்விடுதலையும்

1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், மரண தண்டனையை ஒழிப்பதே தமக்கு உவப்பானது என்ற கருத்தை வெளிப்படுத்தினார். இந்நாட்டின் அகிம்சை மரபை அதற்குத் துணைக்கு அழைத்தார். உச்ச நீதிமன்றம் 1980இல் பச்சன் சிங் வழக்கில் அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று அத்தண்டனையைச் சுருக்கியது. சட்ட ஆணையம் 1967இல் தண்டனை தொடரட்டும் என்றது. 2015இல் பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றில் ஒழிக்கலாம் என்றது. கத்தோலிக்கத் திருச்சபை 2018இல் எந்நிலையிலும் ஏற்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா தூக்கை வைத்துக்கொண்டே, சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கொதித்தது. 1998இல் 26 பேருக்குத் தூக்கு. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதி செய்தது. 2014இல் மூவரின் தூக்கு ஆயுளானது. 2022இல் எஞ்சியிருந்த அனைவரும் விடுதலை. 2011இல் சட்டமன்றம் தண்டனைக் குறைப்பு கோரித் தீர்மானம் போட்டபோது மனிதநேயம் பற்றி நிறையப் பேசப்பட்டது. அந்தப் பேச்சில் உண்மை இருந்தது.

அதே மன்னிப்பு இன்னொரு வழக்கில் வேறு முகம் காட்டியது. மேலூருக்கு அருகில் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, தனி ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் மற்ற ஐந்து பட்டியல் சாதியினரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. தலைவர்களின் நூற்றாண்டு விழாக்களை ஒட்டிய முன்விடுதலையில் 2008இல் மூவரும் 2019 நவம்பரில் 13 பேரும் வெளியே வந்தார்கள். சிறையைத் திறந்துவிடுவது பாண்டியன் காலத்து அருள்தான். வார்த்திகன் கதையில் அரசன் தான் இழைத்த பிழைக்காகச் சிறையைத் திறந்தான். மேலவளவிலோ பிழை இழைக்கப்பட்டது வேறு மக்களுக்கு, மன்னித்தது அரசு. பாதிக்கப்பட்டோர் தரப்பு செய்தியை அறிந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது.

முடியாத கேள்விகள்

மரண தண்டனை குற்றத்தைக் குறைக்கிறதா என்பதற்கு இருபுறமும் ஏற்கும் சான்று இன்னும் இல்லை. அந்த வாதம் நீளக்கூடும். அதைவிட அவசரமான இரண்டு கேள்விகளில் நம் சமய மரபும் நம் சட்டமும் சம அளவில் தடுமாறுகின்றன என்பதே என் மதிப்பீடு.

ஒன்று, தண்டிக்கும் கையைப் பிடிப்பது யார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது மதுரைக் கிளை தானே முன்வந்து விசாரித்தது. 2025 ஜூனில், நீதி கேட்டு மக்கள் காசு வெட்டிப் போடும் அதே மடப்புரம் காளி கோயிலின் காவலாளி ஒருவர், நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு இறந்தார். உடலில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னதாகச் செய்திகள் வந்தன. காவலர்கள் கைதாகி வழக்கு சிபிஐக்குப் போயிற்று. எந்தச் சமயமும் எந்தச் சட்டமும் இந்த அடியை அனுமதிக்கவில்லை. இருந்தும் அது விழுந்தது. செயலைக் குற்றமாக்கிய பின்னும் அதிகாரியிடம் உரிய காலத்தில் கணக்குக் கேட்கும் ஏற்பாடு இல்லையென்றால், சட்டத்தின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது தெளிவாகவில்லை.

இரண்டு, மன்னிக்கும் உரிமை யாருடையது. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பேச இடமுண்டு என்று 2022இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரியில் பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரின் முன்விடுதலையை ரத்து செய்தது. ஆனால் முன்விடுதலை பற்றிய சட்டப்பிரிவு இன்றும் தண்டித்த நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்கிறது. இழந்தவர்களைக் கேட்கச் சொல்லவில்லை. கேட்பதென்று வைத்துக்கொண்டாலும், ஷரியத் முறையில் பார்த்த பேரமும் மிரட்டலும் இங்கே நுழையாமல் காப்பது எப்படி? ஒரு தெருவே அச்சுறுத்தப்பட்ட மேலவளவு போன்ற வழக்கில் ஆறு குடும்பங்களின் சம்மதம் போதுமா, தேர்தலில் நிற்கவே அஞ்சி நின்ற ஊர் மக்கள் அனைவரையும் கேட்க வேண்டுமா? அதற்கான விதியை இதுவரை யாரும் எழுதவில்லை.